ஓ'மாலிகள் கூடும் கரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அயர்லாந்தின் ஓ'மாலி குலத்தார் ஆண்டுதோறும் கூடித் தங்கள் முன்னோரை நினைவுகூர்வதைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கேள்விகள் பெட்டிக்குள் அடங்காது போலிருக்கிறது. அரசியல், சினிமாக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க அயர்லாந்துதான்.

கேள்வி (டப்ளினில் வேலை பார்க்கும் வாசகர்): என்னோடு வேலை செய்யும் ஓ'மாலி ஒருவர் தங்கள் குலக்கூடலுக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். எனக்கும் அந்தக் குலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே, போகலாமா? அங்கே என்னதான் நடக்கும்?

யோசிக்கவே வேண்டாம், போங்கள். மருமகன், மருமகள், பேத்தியின் தோழி, பக்கத்து ஊர்க்காரர் என்று எல்லாரும் வந்து உட்காருகிற இடம் அது. ஓ'மாலி குலச் சங்கம் 1953-இல் தொடங்கியது. நவீன காலத்தில் அயர்லாந்தில் உருவான இப்படிப்பட்ட சங்கங்களில் மூத்தவற்றில் ஒன்று. கூடல் கோடையில் நடக்கும், பெரும்பாலும் மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்தில், அந்தக் குலம் ஒரு காலத்தில் ஆண்ட க்ளூ விரிகுடாவைச் சுற்றி. பொதுவாக ஒரு வார இறுதி முழுக்க ஓடும்: யாராவது வரலாற்றுப் பேச்சாளர் பேசுவார், ஒரு மேசையில் வம்சாவளித் தாள்களை விரித்துவைத்துக்கொண்டு நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள், பூசை நடக்கும், அப்புறம் பெரிய விருந்து. தலைவரையும் அங்கேயே பதவி ஏற்க வைப்பார்கள். அடுத்து வரப்போகிறவருக்கு டானிஷ்டா என்று பெயர். பழைய குலச் சட்டத்தில் வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இருந்த அதே பதவிப்பெயர் அது, இன்றைக்கு அயர்லாந்து நாட்டின் துணைப் பிரதமருக்கும் அதுதான் பதவிப்பெயர். பெண்களும் தலைவராகியிருக்கிறார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் கிளேர் தீவுக்கும் போய்விட்டு வாருங்கள். விரிகுடாவின் வாயில் கிடக்கிறது, ரூனா துறையிலிருந்து படகு. இறங்கியதும் துறையை ஒட்டி ஒரு சதுரக் கல் கோபுரம் நிற்கும், அது குலத்தின் பழைய கோட்டை. உள்ளே தள்ளி ஒரு சிறிய மடாலயம். அதன் கூரையில் இடைக்காலத்தில் தீட்டிய மான்களும் குதிரைக்காரர்களும் யாழ் வாசிப்பவரும் திட்டுத் திட்டாக இன்னும் தெரிகிறார்கள். அவ்வளவு ஈரக்காற்று அடிக்கும் தீவில் அது தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். சுவரில் குலச்சின்னம் செதுக்கிய கல் இருக்கிறது, நிலத்திலும் நீரிலும் வல்லவர் என்று லத்தீனில் எழுதியிருக்கும். ஜூன் மாதம்தானே என்று சும்மா கிளம்பிவிடாதீர்கள், நல்ல மழைக்கோட்டு வேண்டும். விருந்துக்குப் பிறகு ஆளாளுக்குப் பாடுவார்கள், விருந்தாளியையும் விடமாட்டார்கள், ஒரு தமிழ்ப் பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (விருதுநகர் வாசகி): நாம் வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கும்பிடப் போகிறோமே, அதுமாதிரிதானா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்: வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், சித்தப்பா பெரியப்பா கணக்குப் போடுகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் வேண்டுதல் எதிர்த்திசையில் போகிறது. குலதெய்வத்திடம் நாம் நம்மைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறோம். அவர்களோ இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிறார்கள், அதாவது உயிரோடு இருப்பவர்தான் முன்னோருக்காகப் பரிந்து பேசுகிறார். கத்தோலிக்கப் பழக்கம் அது. குலக்கூடலுக்கு மட்டும் உரியதும் அல்ல. அயர்லாந்துக் கிராமங்களில் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்திலேயே பூசை வைத்து ஒவ்வொரு கல்லறையையும் மந்திரிப்பார்கள், அதற்கு முந்தின வாரமே குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் வெட்டிக் கல்லைத் தேய்த்துக் கழுவிப் பூச்செடி வைத்துவிட்டு வருவார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் விடுமுறையை அந்த ஞாயிறுக்கு ஏற்றபடி எடுப்பதும் உண்டு. எனக்கு அந்த ஞாயிறுதான் பெரிய கூடல்களைவிட உண்மையான முன்னோர் வழிபாடாகத் தோன்றுகிறது.

கேள்வி (கோவை வாசகர்): குலம் குலம் என்கிறீர்கள், அது சாதி மாதிரியா, அரச வம்சம் மாதிரியா? கடைசியில் அது என்ன ஆயிற்று?

சாதி அல்ல. ஒரு நிலப்பகுதியும், அதை ஆளும் ஒரு குடும்பமும், அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்பட்ட சின்னச் சின்னக் குடும்பங்களும் சேர்ந்த ஏற்பாடு. தலைவன் செத்தால் மூத்த மகன் தானாகவே தலைவனாகிவிட முடியாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழியில் வந்த யாரும் போட்டிக்கு வரலாம், அவர்களில் தகுதியானவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது, நடைமுறையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டை இங்கிலாந்து வாளால் மட்டும் உடைக்கவில்லை, பத்திரத்தாலும் உடைத்தது. 1540-களில் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த திட்டம் இது: உன் நிலத்தை என்னிடம் ஒப்படை, அதையே என் கையால் திரும்ப வாங்கிக்கொள், கூடவே ஒரு ஆங்கிலப் பட்டமும் தருகிறேன். 1542-இல் ஓ'நீல் குலத்தலைவர் டைரோன் பிரபு ஆனார், மறுவருஷம் ஓ'பிரையன் தாமண்ட் பிரபு ஆனார். அதுவரை குலத்தின் பொறுப்பில் இருந்த நிலம் இப்போது தலைவனின் சொந்தச் சொத்து, அவனுக்குப் பின் மூத்த மகனுக்கு. மற்ற பங்காளிகள் ஒரே கையெழுத்தில் குடியானவர்களாகிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஹியூ ஓ'நீலும் ஹியூ ஓ'டானலும் சேர்ந்து ஒன்பது வருஷம் சண்டை போட்டார்கள். 1601 இறுதியில் கின்சேலில் தோற்றார்கள். அடுத்த வருஷம் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய், ஓ'நீல் தலைவர்களைக் காலங்காலமாக முடிசூட்டிய டல்லிஹோக் மேட்டுக்குப் போய் அங்கிருந்த கல் இருக்கையை உடைத்துப்போட்டார். கோட்டையை விட்டுவிட்டு எதற்கு ஒரு கல்லை உடைக்க வேண்டும்? அடுத்த தலைவன் உட்கார இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1606-இலும் 1608-இலும் வந்த நீதிமன்றத் தீர்ப்புகள் பழைய வாரிசுரிமையைச் செல்லாது என்றன. நடுவில் 1607 செப்டம்பரில் ஓ'நீலும் ரோரி ஓ'டானலும் (ஹியூ ஓ'டானலின் தம்பி) டொனகல் மாவட்டத்தின் ரத்மல்லனில் கப்பலேறினார்கள். திரும்பி வரவே இல்லை. ஓ'நீல் 1616-இல் ரோமில் செத்தார், கல்லறையும் அங்கேதான்.

ஆக, இன்று கூடுகிறவர்கள் இடைவிடாமல் தொடர்ந்து வந்த ஒரு அமைப்பின் உறுப்பினர்கள் இல்லை. அது நானூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): ஓ'மாலி குலத்தில் ஒரு கடல்கொள்ளைக்காரி இருந்தாராமே? கொள்ளைக்காரியையா கும்பிடுகிறார்கள்?

கிரேஸ் ஓ'மாலி, ஊர்ப் பெயர் கிரான்யவேல். 1530 வாக்கில் பிறந்தவர், 1603 வாக்கில் இறந்தவர். கொள்ளைக்காரி என்பது ஆங்கில அதிகாரிகள் வைத்த பட்டம். தங்கள் கடலில் வரும் கப்பலிடம் சுங்கம் கேட்பதும், கொடுக்காவிட்டால் பறிப்பதும் அந்தக் குலத்தின் பார்வையில் நிர்வாகம். இரண்டுமே ஓரளவு சரி, பாதிக்கப்பட்ட வியாபாரிக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் சண்டை அல்ல, ஒரு விண்ணப்பம். கொனாட் பகுதியின் ஆளுநர் ரிச்சர்ட் பிங்கம் அவருடைய மாடுகளையும் நிலத்தையும் பறித்து, 1593-இல் மகனையும் சகோதரனையும் பிடித்து அடைத்தபோது, அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா நேரே இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கு எழுதினார். பதிலாக ராணியின் மந்திரி பதினெட்டுக் கேள்விகளை அனுப்பினார்: உன் அப்பா யார், முதல் கணவன் யார், இரண்டாவது கணவன் யார், ஐரிஷ் வழக்கத்தில் விதவைக்கு என்ன கிடைக்கும், இப்போது பிழைப்புக்கு என்ன செய்கிறாய், இப்படி. ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் இங்கிலாந்தின் அரசு ஆவணங்களில் அப்படியே இருக்கிறது. அவரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பாதி அந்தக் கேள்வி பதிலிலிருந்து வந்ததுதான் (என் தொழிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது). தன் கொள்ளைகளைப் பற்றி அதில் மூச்சு விடவில்லை, தரையிலும் கடலிலும் பிழைப்புப் பார்த்து வந்தேன் என்ற தோரணையில் முடித்துக்கொண்டார். அதே வருஷம் லண்டன் அருகே கிரீனிச் அரண்மனையில் இரண்டு பெண்களும் சந்தித்தார்கள். மகனும் சகோதரனும் விடுதலையானார்கள். அந்த மகன் டிபட் பர்க் பின்னாளில் மேயோவின் முதல் வைகவுண்ட் ஆனார். லத்தீனில் பேசிக்கொண்டார்கள், ராணியின் முன்னாலேயே கிரேஸ் கைக்குட்டையை நெருப்பில் எறிந்தார் என்பதெல்லாம் சுவையான செவிவழிக் கதை.

வேடிக்கை என்ன தெரியுமா? அயர்லாந்தின் பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் வருஷவாரியாகத் தொகுத்த நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்பில் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. முறைப்படி குலத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இல்லை, பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. அந்தக் குலத்தின் ஆண் தலைவர்கள் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. அங்கே வந்து கூடுகிறவர்களிலும் பலருக்குத் தெரியாது என்று தைரியமாகப் பந்தயம் கட்டுவேன். கூடல் நடப்பதே இந்த அம்மாவைச் சுற்றித்தான்.

கேள்வி (சேலம் வாசகர்): கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு வருவார்களா?

அது ஸ்காட்லாந்து. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்பது அயர்லாந்தின் பழைய வழக்கம் அல்ல, கடைகளில் தொங்கும் ஐரிஷ் கட்டங்கள் எல்லாம் சமீப காலத்து வியாபாரம். உங்கள் குடும்பப்பெயரின் சின்னம் என்று தட்டிலும் சாவிக்கொத்திலும் அச்சடித்து விற்கிறார்களே, அதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை: சட்டப்படி அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது, அதே பெயருள்ள எல்லாருக்கும் பொதுவானது அல்ல. வாங்கி மாட்டினால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பெயருக்கு முன்னால் ஓ' இருந்தால்தான் குலத்தைச் சேர்ந்தவர்களா?

இல்லை. ஓ என்றால் பேரன் வழி, மக் என்றால் மகன் வழி. ஐரோப்பாவிலேயே பரம்பரைக் குடும்பப்பெயர் முதலில் நிலைத்த நாடுகளில் அயர்லாந்து ஒன்று, 916-இல் இறந்த ஒரு சிற்றரசரின் பெயரிலேயே ஓ'க்ளேரி வந்துவிட்டது. ஆங்கிலேய ஆட்சி இறுகிய காலத்தில் லட்சக்கணக்கானோர் முன்னொட்டை விட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி இயக்கம் வந்தபோது ஒரு பகுதியினர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அண்ணன் சலிவன், தம்பி ஓ'சலிவன் என்பது சர்வசாதாரணம்.

கேள்வி (மதுரை வாசகர்): மூதாதையரை மதிப்பது என்றால் கூடிச் சாப்பிடுவதோடு முடிந்துவிடுமா?

நடந்தும் மதிக்கிறார்கள். கின்சேல் தோல்விக்குப் பிறகு தெற்கே பேரா தீபகற்பத்தின் தலைவர் டோனல் ஓ'சலிவன் தன் டன்பாய் கோட்டையை 1602 ஜூனில் இழந்தார். அந்த வருஷத்தின் கடைசி நாள், நடுங்கும் குளிரில், கிளெங்காரிஃபிலிருந்து சுமார் ஆயிரம் பேரோடு வடக்கே கிளம்பினார். அதில் நானூறு பேர்தான் வீரர்கள், மீதி பெண்களும் குழந்தைகளும் ஏவலாட்களும். நானூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் எதிரிகள், அதில் ஆங்கிலேயரைவிட உள்ளூர் ஐரிஷ் தலைவர்கள் அதிகம் என்பது கசப்பான விவரம். ஷானன் ஆற்றைக் கடக்கப் படகு கிடைக்காமல், குதிரைகளைக் கொன்று தோலை உரித்து, மரக்கொம்புகளைக் கட்டிய சட்டத்தில் போர்த்திப் படகு செய்தார்கள், இறைச்சியைத் தின்றார்கள். இரண்டு வாரம் கழித்து லைட்ரிமில் ஓ'ரூர்க்கின் கோட்டைக் கதவைத் தட்டியபோது மிச்சம் முப்பத்தைந்து பேர். எல்லாரும் செத்துவிடவில்லை, வழியில் நின்றுவிட்டவர்கள், ஒளிந்துகொண்டவர்கள், அங்கங்கே குடியேறிவிட்டவர்களும் உண்டு. ஓ'சலிவன் பிறகு ஸ்பெயினுக்குப் போய் 1618-இல் மட்ரிட்டில் குத்திக் கொல்லப்பட்டார்.

இன்று அந்த வழியை ஒட்டி பேரா-பிரெஃப்னி என்ற நடைபாதை இருக்கிறது. ஓ'சலிவன்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் எந்த ஊரில் அன்று கதவைச் சாத்தினார்களோ அதே ஊரில் இன்று ஒரு ஓ'சலிவனுக்கு டீ கொடுத்து உட்கார வைக்கிறார்கள் என்றால், நூறு மேடைப்பேச்சைவிட அது மேல்.

கேள்வி (ஈரோடு வாசகி): தாத்தாவுக்குத் தாத்தா யார் என்று அவர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? நமக்கு மூன்று தலைமுறைக்கு மேல் தெரியவில்லையே.

அவர்களுக்கும் லேசில் தெரிவதில்லை. அதற்கு ஒரு தேதியே உண்டு: 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போர் தொடங்கிய அந்த வாரம் டப்ளினின் நான்கு நீதிமன்ற வளாகத்தில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், புதிய அரசின் படை பீரங்கியால் சுட்டது, வெடிமருந்து வெடித்தது, பக்கத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் ஏழு நூற்றாண்டுத் தாள்களோடு எரிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் மிகப் பெரும்பகுதி அதில் போயிற்று. சரி, அதற்குப் பிந்தியவை? 1861, 1871 தாள்களை அரசாங்கமே கணக்கு முடிந்ததும் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டுக்காகக் கூழாக்கினார்கள். நெருப்பை எல்லாரும் திட்டுகிறார்கள், குமாஸ்தாக்களை யாரும் திட்டுவதில்லை.

நாடு முழுக்கத் தப்பிய பழைய கணக்கெடுப்பு 1901, 1911 இரண்டும்தான். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டுத்தலைவர் கையெழுத்தோடு. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் 1847-க்கும் 1864-க்கும் நடுவே எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு, அதற்கும் முன்னால் 1820-30-களின் தேவாலய வரிப் புத்தகங்கள், இவற்றில் குடும்பத்தலைவர் பெயர் மட்டும் இருக்கும், பிள்ளைகள் பெயர் இருக்காது. கத்தோலிக்க ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைத் தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் போட்டது. பாதிரியார் கையெழுத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும், மேற்கில் பல ஊர்களில் 1820-க்கு முன்னால் பதிவேடே இல்லை. எரிந்த காப்பகத்தில் என்னென்ன இருந்தது என்று பார்த்து, வேறு நாடுகளிலும் நூலகங்களிலும் கிடக்கும் நகல்களைச் சேர்த்து அதை இணையத்தில் திரும்பக் கட்டும் பெரிய வேலை ஒன்று 2022-இல் வெளியானது, நூற்றாண்டு நினைவாக.

இன்னொரு பக்கம், தலைவர் குடும்பங்களின் வம்சாவளி அழகாக இருக்கிறது. அதை எழுதுவதற்கென்றே பரம்பரைப் புலவர் குடும்பங்கள் இருந்தன. அப்படி வந்த டுவால்டக் மக் ஃபிர்பிசி 1650 வாக்கில் கால்வே நகரில் உட்கார்ந்து பெரிய வம்சாவளித் தொகுதியைத் தொகுத்தார். ஆக மேலே ஒரு ஏணி 1650 வரை இறங்கி வருகிறது, கீழே சாதாரணக் குடும்பத்தின் ஏணி 1820 வரை ஏறிப் போகிறது, நடுவில் நூற்றெழுபது வருஷம் காற்று. சிகாகோவிலிருந்து வரும் ஒரு ஓ'மாலியால் தன் பாட்டனார் 1840-களின் பஞ்சத்தில் கப்பலேறிய வருஷத்தைக் காட்ட முடியும், அந்த இடைவெளியைத் தாண்டிக் கிரேஸ் ஓ'மாலியின் அப்பா வரை ஆதாரத்தோடு போக முடிகிறவர் மிக அபூர்வம். குலக்கூடல் என்பதே இந்த இடைவெளிக்கு மேல் போட்ட பலகை என்று நினைக்கிறேன். பத்திரம் கேட்காமல், பெயரை மட்டும் நம்பி, வா உட்கார் என்று சொல்கிற ஏற்பாடு.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அப்படியானால் போலிகள் புகுந்துவிட மாட்டார்களா?

புகுந்தார்கள், அதுவும் உச்சாணிக் கொம்பிலேயே. 1944 முதல் அயர்லாந்தின் வம்சாவளி அலுவலகம் பழைய குலத்தலைவர்களின் நேர் ஆண் வாரிசு என்று நிரூபித்தவர்களுக்கு மரியாதை நிமித்தம் தலைவர் அங்கீகாரம் கொடுத்துவந்தது. 1991-இல் அவர்களுக்கென்று ஒரு மன்றமும் ஏற்பட்டது. மறுவருஷம் மக்கார்த்தி மோர், அதாவது தெற்கின் மாபெரும் குலத்தின் தலைவர் என்று அங்கீகாரம் வாங்கிய பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவர் பட்டம் விற்கும் அளவுக்குப் போனார். 1999-இல் அவருடைய வம்சாவளி புனைவு என்று பத்திரிகை அம்பலப்படுத்தியது, அங்கீகாரம் ரத்தானது. 2003-இல் அரசு அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த அலுவலகம் தேடியது மூத்த மகன் வழி, அது ஆங்கிலச் சட்டத்தின் கணக்கு. பழைய ஐரிஷ் வழக்கம் தேர்ந்தெடுப்பது. தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஓ'மாலி சங்கம், பத்திரத்தோடு சுற்றிய பிரபுக்களைவிடப் பழைய மரபுக்கு நெருக்கம் என்பேன். 1989-இல் தொடங்கிய அயர்லாந்துக் குலங்களின் பதிவு அமைப்பும் சங்கங்களைத்தான் பதிகிறது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): இதெல்லாம் வெளிநாட்டு ஐரிஷ்காரர்களின் பணத்தைக் கறக்கிற சுற்றுலா வேலை என்கிறான் என் மகன்.

உங்கள் மகன் மட்டும் சொல்லவில்லை. 2013-ஐ அரசாங்கம் ஒன்றுகூடும் ஆண்டாக அறிவித்து, உலகம் முழுக்க இருக்கும் வாரிசுகளை அழைத்து ஆயிரக்கணக்கான குடும்ப, ஊர்க் கூடல்களை நடத்தத் தயாரானபோது, நாட்டின் கலாசாரத் தூதராக இருந்த நடிகர் கேப்ரியல் பைர்னே அதை மோசடி என்றார். கடன் நெருக்கடியில் நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பணம் தேவைப்படும்போது மட்டும் எங்கள் ஞாபகம் வருகிறதா என்பது அவர் கேள்வி. 2011-இல் ஐரிஷ் வம்சாவளிச் சான்றிதழ் ஒன்றைக் காசுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள், வாங்க ஆளில்லாமல் 2015-இல் கைவிட்டார்கள். எனக்கு அந்தச் சான்றிதழ் தோற்றது சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று. 1841-இல் அயர்லாந்தில் சுமார் 82 லட்சம் பேர். பஞ்சம் முடியும் தறுவாயில், 1851-இல், 65 லட்சம். பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாமல் கப்பலேறினார்கள், அதன் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கப்பல்களில் போனவர்களுக்கு ஊரில் கல்லறை கிடையாது, பலருக்குப் போன இடத்திலும் கிடையாது. அவர்களுடைய பேத்தியின் பேத்தி சொந்தக் காசில் விமானமேறி வந்து, இடிந்த ஒரு கல்வீட்டின் முன்னால் நின்றுவிட்டுப் போனால் அதில் ஹோட்டல்காரர் நாலு காசு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

கேள்வி (ஓசூர் வாசகி): மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

கொஞ்சம் தெரியும். ஆண்வழிக் குரோமோசோமும் குடும்பப்பெயரும் ஒரே பாதையில் இறங்குவதால் அயர்லாந்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது. 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கில் ஐந்தில் ஒரு ஆணிடம் ஒரே வகைக் குரோமோசோம் இருப்பதைக் கண்டு, ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நியால் அரசனின் வழியாக இருக்கலாம் என்றார்கள். உடனே உலகமெல்லாம் அரச வாரிசுகள் முளைத்தார்கள். அந்த மரபணு நியாலுக்கும் முந்தியது என்ற சந்தேகம் பிறகு வலுத்துவிட்டது. தத்துப்பிள்ளை, அம்மா பெயரை வைத்துக்கொண்ட பிள்ளை, இவர்களையும் குலத்தில் சேர்ப்பதா என்று சோதனைக் குழாய் சொல்லாது. சேர்த்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (வந்தவாசி வாசகர்): ஐரிஷ் குலத்தவர் யாராவது நம் பக்கம் வந்ததுண்டா?

உங்கள் ஊருக்கே வந்தார். 1691-இல் லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு தோற்ற ஐரிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கால்வே மாவட்டத்தின் டூயம் பக்கத்துப் பழைய ஓ'முல்லாலி குலத்தவர். அவருடைய மகன்தான் பாண்டிச்சேரியின் பிரெஞ்சுத் தளபதி லாலி. பிரான்சில் பிறந்தவர், ஆனால் டோலெண்டால் என்ற தன் பட்டத்தில் அப்பா இழந்த அந்த ஐரிஷ் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருந்தார். 1758-இல் வந்து இறங்கினார், கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார், பணத்துக்காகத் தஞ்சாவூர் மேல் பாய்ந்தார். போகிற வழியில் கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டு, ஒற்றர்கள் என்று சொல்லி ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டதும் இவர்தான். மண்ணை இழந்து வந்தவரின் மகன் இன்னொருவர் மண்ணில் இரக்கத்தோடு நடப்பான் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலியின் ஐரிஷ் ரெஜிமெண்டும் நின்றது. எதிரே ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே, ஆனால் அங்கே போய்க் குடியேறிய ஆங்கிலக் குடும்பத்தவர். அப்பாக்களின் கணக்கை மகன்கள் உங்கள் ஊர் வயலில் தீர்த்துக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம், இரண்டு பேரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்றாலும். மறுவருஷம் பாண்டிச்சேரி வீழ்ந்தது. லாலியைத் துரோகி என்று 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். மகன் வருஷக்கணக்கில் வழக்காடினார், பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் பேனாவை எடுத்தார், 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தீர்ப்பு ரத்தான சேதி காதுக்கு எட்டியபோது வால்டேர் மரணப்படுக்கையில் இருந்தார். சாவதற்கு நாலு நாளைக்கு முன், கடைசியாகச் சொல்லி எழுதவைத்த கடிதம் லாலியின் மகனுக்கு அனுப்பிய வாழ்த்து.